வலது கையுறை

ஆயிரத்துக்கு இன்னும் பதினெட்டு மணி நேரம் இருந்தது.

பட்டறை வாசலில் ஒரு பலகை. மேலே 'விபத்து இல்லாத நாட்கள்' என்று எழுதி, கீழே மூன்று ஆணி அடித்திருக்கும். தினமும் காலை ஆறு மணிக்குக் காவலாளி பழைய எண் தகட்டைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவார். இன்று மூன்று ஒன்பதுகள் தொங்கின. நாளைக்கு நான்கு தகடு வேண்டுமே என்று நேற்றே ஏணி வைத்து நான்காவது ஆணியையும் அடித்துவிட்டார்கள். அந்த வெறும் ஆணியைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் காலையிலிருந்து வாசல்வரை போய்ப் போய் வந்தார்கள்.

ஆயிரத்தைத் தொட்டால் பட்டறைக்கு இரண்டு நாள் பூட்டு. எல்லோரையும் குடும்பத்தோடு கடலுக்கு அழைத்துப் போவதாக முதலாளி வாய்விட்டுச் சொல்லியிருந்தார். பஸ்களுக்கும் சொல்லியாகிவிட்டது. யாருக்கு ஜன்னல் ஓரம் என்பதில் இரண்டு நண்பர்கள் பேச்சுவார்த்தையே நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

கிரேன் அக்காவுக்கு அதெல்லாம் அப்புறம்தான். இன்று அவள் முதல் தடவையாகப் பெரிய கிரேனில் கனத்தைத் தூக்கப் போகிறாள்.

ஆறு வருடம் பின்பக்கக் கொட்டகையில் சின்ன கிரேன் ஓட்டியவள். குழாய், பழைய இரும்பு, உடைந்த மோட்டார் என்று எதையாவது தூக்கி எதன் மேலாவது வைப்பதுதான் அங்கே வேலை. பெரிய கிரேனை ஓட்டியவர் போன மாதம் வேறு வேலைக்குப் போய்விட, அந்த நாற்காலி காலியானது. அவள் மேனேஜர் அறைக்குள் போய், "நான் ஓட்டுறேன் சார்" என்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, "தகடு அமுக்குற புது பிரஸ் மெஷின் வருது. நாப்பது டன். அதை அஸ்திவாரத்துல உட்கார வச்சுக் காட்டுங்க. அப்புறம் பார்க்கலாம்" என்றார். அவர் வாயிலிருந்து 'பார்க்கலாம்' வருவதே பெரிய விஷயம். பெரும்பாலும் 'பார்க்கிறேன்' என்பார், பார்க்க மாட்டார்.

அன்று காலை வீட்டில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மகள் கடலுக்குப் போவதற்கான பையை முந்தாநாளே கட்டிவிட்டு, தினமும் ஒரு தடவை பிரித்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள்.

"பார்த்தியா, உங்கம்மா இன்னிக்கு நாப்பது டன்னைத் தூக்கப் போறா" என்றான் கணவன் மகளிடம். "நம்ம வீட்டு சிலிண்டரைத் தூக்கச் சொன்னா மட்டும் இடுப்பு வலிக்கும்."

"நாப்பது டன்னுக்குக் கிரேன் இருக்கு, சிலிண்டருக்கு நீங்க இருக்கீங்க" என்றாள் அவள். "ரெண்டையும் ஓட்டுறது நான்தானே."

கொழுந்தன் வாசலிலேயே நின்றிருந்தான். கணவனுக்கு ஒரே தம்பி, இவர்களோடு அதே வீட்டில் இருப்பவன், அதே பட்டறையில் சைகைக்காரன். கிரேன் ஓட்டுபவர் உயரத்தில் இருப்பார், கனம் கீழே இருக்கும். ஏற்று, இறக்கு, நகர்த்து, நிறுத்து என்று கீழேயிருந்து கையால் சொல்வது அவன் வேலை. தோல் கையுறையை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு தயாராக இருந்தான்.

"என்னப்பா, பொண்ணு பார்க்கப் போற மாதிரி இப்பவே அலங்காரமா?"

"குளிருது அண்ணி."

பசியில்லை என்று சொல்லி எதுவும் சாப்பிடவில்லை. பைக் சாவியை இடது கையால் நீட்டினான். "இன்னிக்கு நீங்க ஓட்டுங்க. உங்க நாளு."

அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. பைக்கை யாரிடமும் கொடுக்காதவன்; அண்ணன் கேட்டாலே 'பெட்ரோல் இல்லை' என்பவன். அண்ணிக்கு இவ்வளவு மரியாதையா? வழியெல்லாம் தானாகச் சிரித்துக்கொண்டே ஓட்டினாள். பின்னால் அவன் பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தான். இவனுக்கும் உள்ளுக்குள் உதறல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பட்டறை சுவரில் சைகைகளுக்கென்று ஒரு படம் ஒட்டியிருக்கிறது. அது எல்லோருக்குமானது. இவர்கள் இரண்டு பேருக்கும் அதற்கு மேல் சொந்தமாக ஒரு சட்டம் இருந்தது. வலது கைக்கு ஏற்றமும் இறக்கமும், இடது கைக்குப் போக்கும் வரத்தும். தூசிக்கும் வெல்டிங் புகைக்கும் நடுவே விரலைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், எந்தக் கை எழும்புகிறது என்று பார்த்தாலே பாதி புரிந்துவிடும். மிச்சப் பாதிக்கு 'நூல்'. ஃபிட்டர்கள் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒரு தடவை ஒட்டி எடுத்தால் ஒரு நூல். வலது கையில் காட்டினால் ஒரு நூல் இறக்கம். இடது கையில் காட்டினால் ஒரு நூல் பக்கவாட்டில் நகர்த்தல். இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உப்பு ஜாடியைத் தூக்கி வைத்துத்தான் பழகினார்கள். மகளும் கற்றுக்கொண்டு, தட்டில் பரிமாறும்போது வாயைத் திறக்காமல் வலது கையால் 'இன்னும் ஒரு நூல்' என்று காட்டுவாள்.

பன்னிரண்டு மணிக்குப் பட்டறையில் எள் போட்டால் எள் விழாது. வேலை இருந்தவனும் இல்லாதவனும் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் கூடிவிட்டார்கள். அலுவலக அறையிலிருந்து கணக்குப் பிரிவுப் பெண்கள்கூட வந்து, காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் கேட்கட்டும் என்று மேனேஜர் தன் வாக்கி-டாக்கியை ஒலிபெருக்கியோடு இணைத்து வைத்திருந்தார்.

அஸ்திவாரத்தின் பக்கத்தில் கடப்பாரையோடு ஒரு ஃபிட்டர். அவரை எல்லோரும் 'சைபர்' என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பு ஒருமுறை பலகை நானூறைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது, குழாய்க்கும் கப்பிக்கும் நடுவே மோதிர விரலைக் கொடுத்துப் பாதியை இழந்தவர். மறுநாள் பலகையில் சைபரை மாட்டினார்கள். அந்த எண் பலகையிலிருந்து ஒரே நாளில் இறங்கிவிட்டது. அவர் மேலிருந்து இன்னும் இறங்கவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்த கை என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே கேலி பேசினார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வார்?

"அக்கா, பார்த்து இறக்குங்க" என்று ஏணியடியில் அவளிடம் கையை விரித்துக் காட்டினார். "கையிருப்பு ஒன்பதரைதான்."

"அரைக்கும் சேதாரம் வராம இறக்குறேன்ணே."

ஏணியில் ஏறினாள். படிக்குப் படி சத்தம் கீழே தங்கிப்போனது. மேலே கூரைக்கு அடியில் கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒரு கூண்டு. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு நெம்புகோல்களிலும் கை வைத்தபோது நெஞ்சு திக்திக்கென்று அடித்தது. பயமில்லை. பரீட்சையில் கேள்வித்தாளைப் புரட்டி, எல்லாமே தெரிந்த கேள்வி என்று கண்டவுடன் அடிக்குமே, அந்த அடி.

அங்கிருந்து பார்த்தால் மனிதர்களுக்கு முகம் கிடையாது. தலைக்கவசங்களும் கைகளும்தான். கொழுந்தனுடையது சிவப்புக் கவசம்.

அவன் வலது கையைத் தூக்கினான். அவள் தூக்கினாள்.

முதலில் நான்கு சங்கிலிகளும் விறைத்தன. தலைக்கு மேல் மோட்டார் முனகியது. பிரஸ் அசையவில்லை, அசையவில்லை, பிறகு தரைக்கும் அதற்கும் நடுவே ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. கூட்டம் 'ஓ' என்று கத்தியது கூண்டுவரை கேட்டது. நாற்பது டன் காற்றில் நின்றது! உடம்பு முழுக்கப் புல்லரித்தது அவளுக்கு. கடவுளே, நான்தான் தூக்குகிறேன் என்று வாய்விட்டே சொன்னாள். நல்லவேளை, வாக்கி-டாக்கி பொத்தானை அழுத்தியிருக்கவில்லை.

இடது கை நீண்டது. நகர்த்தினாள். பட்டறையின் நீளம் பூராவும் பிரஸ் நூல் பிடித்தாற்போல் ஊர்ந்தது. சங்கிலியில் ஆட்டமே இல்லை. மேனேஜரின் வெள்ளைத் தலைக்கவசம் இரண்டு தடவை மேலும் கீழும் ஆடியது. அது தலையாட்டல். நாற்காலி பாதி அவளுடையதாகிவிட்டது.

அஸ்திவாரத்திலிருந்து நான்கு போல்ட்டுகள் முழங்கை கனத்தில் நிமிர்ந்து நின்றன. பிரஸ்ஸின் அடித்தட்டில் நான்கு ஓட்டைகள். நான்கும் நான்கிலும் ஒரே நேரத்தில் போய் உட்கார வேண்டும். சைபர் மண்டியிட்டுக் கடப்பாரையை உள்ளே கொடுத்து, கழுத்தை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடப்பாரையைப் பிடித்திருந்த கை, அடித்தட்டுக்கும் போல்ட்டுக்கும் ஒரு சாண் தூரத்தில்.

வலது கை இறங்கியது. இறக்கினாள். இன்னும் இறங்கியது. இறக்கினாள். போல்ட் நுனிகள் ஓட்டைக்குள் தலைகாட்டின. இனி நூல் கணக்குத்தான்.

கொழுந்தனின் இடது கை எழும்பியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு தடவை ஒட்டிப் பிரிந்தன.

இடது கை, ஒரு நூல். அவள் யோசிக்கவேயில்லை, கை தானாகப் போனது. பக்கவாட்டில் ஒரு நூல் நகர்த்தினாள்.

'டங்' என்று ஒரு சத்தம். அடித்தட்டு போல்ட்டில் இடித்துக் கடப்பாரையைக் கவ்வியது. அதன் மறுமுனை எகிறித் தரையில் அடித்தது. சைபர் அதற்கு ஒரு கண்ணிமைப்புக்கு முன் பின்னால் விழுந்திருந்தார். இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தார்.



கொழுந்தன் 'நிறுத்து' என்று இரண்டு கைகளையும் உயர்த்தினான். உள்ளங்கையை விரித்துக் காட்டுவதுதான் 'நிறுத்து'. இடது கை விரிந்தது. வலது கையில் கட்டைவிரலும் கடைசி இரண்டு விரல்களும்தான் விரிந்தன. நடுவே கையுறையின் இரண்டு விரல்கள் உள்ளே ஆளில்லாத சட்டை மாதிரித் தொங்கின.

வாக்கி-டாக்கி கரகரத்தது. "அண்ணி! நான் இறக்கத்தானே சொன்னேன், எதுக்கு நகர்த்துனீங்க?" ஒலிபெருக்கியிலும் அதுவே ஒலித்தது.

"இடது கையில காட்டினா என்னப்பா அர்த்தம்?"

சைபர் எழுந்து உட்கார்ந்து விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினார். "ஒன்பதரை, சரியா இருக்கு" என்று கத்தினார். "அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் சண்டைன்னா வீட்டுல வச்சுக்கங்கப்பா. நடுவுல நான் என்ன பாவம் பண்ணேன்?"

கூட்டம் சிரித்தது. பயம் தெளிந்த சிரிப்பு, கொஞ்சம் அதிகச் சத்தமாகவே வந்தது.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டிலேயே மாட்டிய கையுறை. சாப்பிடாத காலை. இடது கையால் நீட்டிய சாவி. மரியாதையாம் மரியாதை! கை இருந்தால்தானே பைக் ஓட்டுவான்? பக்கத்திலேயே இருந்து இத்தனையையும் பார்த்துவிட்டு, தன் நாள், தன் நாள் என்று மிதந்துகொண்டு வந்திருக்கிறாள்.

"தம்பி, வலது கையுறையைக் கழட்டு."

"அண்ணி, ப்ளீஸ். இன்னும் மூணு நூல்தான். முடிச்சிடலாம்."

"கழட்டு."

"கிரேன், என்ன தாமதம்?" மேனேஜர் குரல். "எல்லாரும் பார்க்கிறாங்க."

"சைகை சரியா வரல சார். சரியா வராம ஒரு நூல்கூட அசைக்க மாட்டேன்."

இப்படி அவரிடம் பேசுவாள் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. ஆனால் சொல்லிவிட்டாள். மேனேஜரின் வெள்ளைக் கவசம் அசையாமல் நின்றது. அவள் சங்கை ஒலித்தாள். கூட்டம் மஞ்சள் கோட்டிலிருந்து இன்னும் நாலடி பின்னால் போனது.

"சைபரண்ணே, உங்களுக்குச் சைகை தெரியும்தானே? சுவர்ல இருக்கிற படத்துல உள்ளபடி காட்டுங்க, போதும். இதை எடுத்துப் பக்கத்து மரக்கட்டைங்க மேல வச்சிடுறேன்."

சைபர் எழுந்து, பேன்ட்டைத் தட்டிவிட்டு, தள்ளி வந்து நின்றார். ஒன்பதரை விரல்களையும் முகத்துக்கு முன்னால் ஒரு தடவை விரித்து மடக்கிப் பார்த்துக்கொண்டார். பிறகு வலது கையை நேராக நிமிர்த்தித் தூக்கினார். அத்தனை அழகான சைகையை அவள் பார்த்ததேயில்லை. பிரஸ் எழும்பியது, போல்ட்டுகளை விட்டு விலகியது, ஆள் யாருமில்லாத இடத்தில் மரக்கட்டைகள் மேல் பூனை மாதிரிப் போய் உட்கார்ந்தது. சங்கிலிகள் தளர்ந்தன. யாரோ கை தட்ட ஆரம்பித்து, தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார்கள்.

சைபர் நேரே கொழுந்தனிடம் போனார். மற்ற தலைக்கவசங்களும் போய் மொய்த்தன. மேலேயிருந்து அவளுக்குக் கவசங்கள்தான் தெரிந்தன, கை தெரியவில்லை. ஒரு நிமிடம் அப்படியே நெருங்கி நின்றவை, திடீரென்று எல்லாமே ஒரு அடி பின்னால் போயின.

"அக்கா" என்றது சைபரின் குரல் ஒலிபெருக்கியில். இப்போது அதில் கேலியில்லை. "ரெண்டு விரல். ஆள்காட்டியும் நடுவும். நல்லா நசுங்கியிருக்கு. துணியைச் சுத்தி, கையுறைக்குள்ள மடக்கி வச்சிருக்கான், கிறுக்கன்."

மேனேஜர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். "இது எப்படி ஆச்சு? எங்க ஆச்சு?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் பலகை இருந்தது, மூன்று ஒன்பதுகள் இருந்தன, வெறும் ஆணி இருந்தது, ஜன்னல் ஓரச் சண்டை இருந்தது. எல்லோரும் கொழுந்தனின் வாயைப் பார்த்தார்கள். அடுத்த சைபராக ஒருவன் பிறக்கப் போகிறான் என்று சிலர் சைபரையும் பார்த்தார்கள்.

"வீட்டுக் கதவுல சார்" என்றான் கொழுந்தன். "நேத்து வீட்டுக்குப் போன அப்புறம். காத்துல கதவு சாத்திக்கிச்சு."

பட்டறையே வெடித்தது.

"வீட்டுக் கதவாம்டா!"

"அப்ப நம்ம கணக்குல வராது!"

"வீட்டுல யாரு பலகை மாட்டியிருக்கா? ஆயிரம் ஆயிரம்தான்!"

விசில் பறந்தது. கணக்குப் பிரிவுப் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். மேனேஜர் தலைக்கவசத்தைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "ஏண்டா, இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று திட்டினார். அந்தத் திட்டில் பாதி சந்தோஷம். "யாராவது இவனைப் பைக்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வீட்டுல பட்டதுக்கு வைத்தியமும் லீவும் அவன் பாடு, என்ன பண்றது. ஃபிட்டர், நீங்களே சைகை காட்டுங்க, நல்லாத்தான் காட்டுறீங்க. கிரேன், நீங்க தயாரா? இன்னிக்கு இதை உட்கார வச்சுட்டீங்கன்னா அந்த நாற்காலி உங்களுக்குத்தான். நான் சொல்றேன்."

'பார்க்கலாம்' இல்லை. 'நான் சொல்றேன்.' அவர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அவள் கை நெம்புகோலில்தான் இருந்தது. மறுபடி தூக்கி, நகர்த்தி, இறக்க வேண்டியதுதான். கடைசியில் அதே மூன்று நூல். சைபர் கையைத் தூக்கிக் காத்திருந்தார். வீட்டில் மகள் பையைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருப்பாள்.

நேற்று அவன் வீட்டுக்கு வந்தபோதே கதவு திறந்துதான் கிடந்தது. காற்றும் அடிக்கவில்லை. அவன் நேரே போய்ப் படுத்துவிட்டான். அதற்கு முன்னால்?

அதற்கு முன்னால் இங்கே ஒத்திகை. கனமில்லாமல், சங்கிலிகள் தொங்கும் இரும்பு விட்டத்தை மட்டும் இதே மரக்கட்டைகள் மேல் இறக்கிப் பழகினார்கள். அவன் வலது கையால் ஒரு நூல் காட்டினான். இறக்கினாள். இன்னொரு நூல். இறக்கினாள். பிறகு குனிந்து, முறுக்கிக்கொண்ட சங்கிலியை நேராக்கக் கையைக் கொடுத்தான். அந்த நேரத்தில் அவளுக்கு உற்சாகம். கை பழகிவிட்டது, தாளம் பிடிபட்டுவிட்டது. அடுத்து அவன் என்ன கேட்பான் என்று அவளுக்கே தெரியும்போது காத்திருப்பானேன்? அவன் நிமிர்ந்தபோது 'நிறுத்து' என்று காட்டிய கை இடது கை. வலது கை அக்குளுக்குள் இருந்தது. நீண்ட நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அலட்டுகிறேன் என்று கோபம் போலிருக்கிறது என்று எண்ணி, கூண்டிலிருந்து அவனுக்குப் பழிப்புக் காட்டினாள்.

அவன் பலகைக்காக மட்டும் மறைக்கவில்லை.

கீழே சிவப்புக் கவசம் நிமிர்ந்தது. முதல் தடவையாக அவன் முகம் தெரிந்தது, சின்னதாக, வெளிறிப்போய். இடமும் வலமும் மெல்ல ஆடியது. வேண்டாம் அண்ணி. அதற்குச் சுவரில் படமில்லை, அவர்கள் சட்டத்திலும் சைகை இல்லை. ஆனாலும் புரிந்தது.

"கிரேன், தயாரா?"

அவள் நெம்புகோலிலிருந்து கையை எடுத்தாள். வாக்கி-டாக்கியின் பொத்தானை அழுத்தினாள். தன் மூச்சே ஒலிபெருக்கி வழியாகப் பட்டறை முழுக்கக் கேட்டது. விசில்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

"சார், கதவு இல்ல. நேத்து ஒத்திகையில, இதே கிரேன், இதே மரக்கட்டை. அவன் கை உள்ள இருந்துச்சு. அவன் சைகை காட்டல. காட்டாமலே ஒரு நூல் இறக்கினது நான்."